கன்னி ஆடு எத்தனை கிலோ? நாடாவும் கைவிரலும் சொல்லும் கணக்கு

சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஆடு இல்லாத கரிசல் கிராமத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தன் ஆடு எத்தனை கிலோ என்று சொல்லக்கூடியவரையும் அப்படித்தான் தேட வேண்டியிருக்கிறது. "எத்தனை உருப்படி?" என்று கேட்டால் குட்டியோடு சேர்த்துச் சரியாகச் சொல்வீர்கள். எந்த ஆடு எந்த மாதம் ஈன்றது, எத்தனை குட்டி போட்டது என்பதும் நினைவிருக்கும். எடை கேட்டால் மட்டும், "இருக்கும், ஒரு இருபது இருபத்தஞ்சு கிலோ" என்று பதில் வரும். இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில் இருப்பது ஐந்து கிலோ. உயிர் எடை கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது 2,000 ரூபாய்.

சந்தையில் இந்த இடைவெளி யாருக்குப் போகிறது என்பது உங்களுக்கே தெரியும். செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்கும், சனிக்கிழமை எட்டயபுரம் சந்தைக்கும் வருகிற வியாபாரி ஒரே நாளில் நூறு ஆட்டைத் தொட்டுப் பார்ப்பவர். அறுத்த பிறகு கறியைத் தராசில் போட்டு, தன் மதிப்பு சரியா என்று தினமும் சரிபார்த்துக்கொள்பவர். நீங்கள் வருடத்துக்குப் பத்து ஆடு விற்பவர். விற்ற ஆடு எவ்வளவு நின்றது என்று பின்னால் தெரிந்துகொள்ள வழியும் இல்லை. கண்மதிப்பு என்பது பழக்கத்தில் வருவது. அந்தப் பழக்கம் அவருக்கு இருக்கிறது, நமக்கு இல்லை. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்குக் கணக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

விற்பனை ஒன்றுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. குடற்புழு மருந்தின் அளவு எடையை வைத்துத்தான். பெட்டைக் குட்டியை எப்போது கிடாவோடு சேர்ப்பது என்பது எடையை வைத்துத்தான். கோடையில் மேய்ச்சல் குறையும்போது எந்த ஆட்டுக்குக் கூடுதல் தீவனம் வேண்டும் என்பதும் எடையைப் பார்த்தால்தான் தெரியும். இத்தனைக்கும் தேவைப்படுவது தையல்காரர் வைத்திருக்கும் ஒரு நாடா. அதோடு உங்கள் கைவிரலும் வேண்டும். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

நம் ஊர் ஆடு

தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் பிரிவதற்கு முன்பு, திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த காலத்திலேயே சங்கரன்கோவில், கோவில்பட்டி, சாத்தூர் என்று இந்தக் கரிசல் பட்டைதான் கன்னி ஆட்டின் தாயகமாகச் சொல்லப்பட்டது. கறுத்த உடம்பு, உயரமான கால், முகத்தின் இரு பக்கமும் கண்ணுக்கு மேலிருந்து இறங்கும் கோடு. கோடு வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மையாக இருந்தால் செங்கன்னி. பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும், சில நேரம் மூன்றும் உண்டு. கறிக்காக வளர்க்கப்படும் இனம். வறட்சியைத் தாங்கும்.

நன்கு வளர்ந்த கன்னிக் கிடா ஏறக்குறைய 35 கிலோவைச் சுற்றியும், பெட்டை 28 கிலோவைச் சுற்றியும் நிற்கும். நன்றாகத் தீவனம் கொடுத்து வளர்த்த கிடா இதற்கு மேலும் போகும். பிறக்கும் குட்டி 2 கிலோ அளவில் இருக்கும். இரட்டையில் ஒன்று எப்போதும் கொஞ்சம் குறைவு. இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உயரமான ஆடு என்பதால் கன்னி ஆட்டைப் பார்க்கும் கண் இரண்டு விதமாகவும் தவறும். எலும்பும் தோலுமாக நிற்கிற ஆடுகூட உயரத்தினால் பெரிதாகத் தெரியும். நல்ல சதைப்பிடிப்புள்ள ஆடு கால் நீளத்தினால் ஒல்லியாகத் தெரியும்.

நாடா பிடிக்கும் முறை

இரண்டு அளவு வேண்டும். முதலாவது மார்புச் சுற்றளவு. முன்னங்கால் முட்டிக்குச் சற்றுப் பின்னால், முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்தை ஒட்டி, நாடாவை மார்புக்கு அடியில் விட்டு முதுகுக்கு மேல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். நாடா மயிரை அழுத்தி உடம்பில் ஒட்டி இருக்க வேண்டும். தோலில் பதியும் அளவுக்கு இறுக்கக் கூடாது. ஒரு விரல் நுழையும் தளர்வும் கூடாது. வயிற்றுப் பக்கம் நகர்ந்துவிட்டால் அளவு கூடிவிடும். இதில்தான் பெரும்பாலானவர்கள் பிசகுகிறார்கள்.

இரண்டாவது உடல் நீளம். கழுத்து மார்போடு சேரும் இடத்தில் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு ஒரு எலும்பு கைக்குத் தட்டுப்படும். அது தோள் முனை. அங்கிருந்து, வாலுக்கு இரு பக்கமும் பின்னால் துருத்தி நிற்கும் பிட்ட எலும்பின் முனை வரை நேராக அளக்க வேண்டும். கழுத்திலிருந்து வால் வரை முதுகின் மேல் அளப்பது தவறு.

ஆடு சமதரையில் நான்கு காலும் நேராக ஊன்றி நிற்க வேண்டும். தலை குனிந்து தழை தின்றுகொண்டிருந்தாலும், ஒரு பக்கம் சாய்ந்து திமிறினாலும் அளவு மாறும். ஒருவர் தாடையைப் பிடித்துத் தலையை நிமிர்த்தி வைக்க, இன்னொருவர் அளப்பது சுலபம். காலையில் மேய்ச்சலுக்கு விடுவதற்கு முன்பு, தண்ணீர் காட்டுவதற்கும் முன்பு அளக்க வேண்டும். அடுத்த மாதம் அளக்கும்போதும் அதே நேரம். மூன்று தடவை அளந்து நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை ஆடு மிரண்டு மூச்சைப் பிடித்துக்கொள்ளும். நாடா பழகிய பிறகு நிதானமாக நிற்கும்.

கணக்கு இதுதான். மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எழுதி, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். வந்ததை உடல் நீளத்தால் பெருக்குங்கள். பிறகு 660 ஆல் வகுத்தால் கிலோ வரும். கால்நடை அறிவியலில் இதை ஷேஃபர் சூத்திரம் என்பார்கள். கைபேசியில் உள்ள கால்குலேட்டர் போதும்.

ஒரு பெட்டை ஆட்டின் மார்புச் சுற்றளவு 27 அங்குலம், நீளம் 25 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 27ஐ 27ஆல் பெருக்கினால் 729. அதை 25ஆல் பெருக்கினால் 18,225. 660ஆல் வகுத்தால் 27.6 கிலோ.

நாடாவில் சென்டிமீட்டர் மட்டும் இருந்தால் அதே முறையில் பெருக்கி 10,840ஆல் வகுக்க வேண்டும். அங்குலக் கணக்கு சின்ன எண்ணாக இருப்பதால் நான் அதையே சிபாரிசு செய்வேன்.

ஒவ்வொரு தடவையும் பெருக்க வேண்டியதில்லை. கீழே உள்ளதைத் தொழுவத்துச் சுவரில் எழுதி வையுங்கள். முதல் எண் மார்புச் சுற்றளவு, அடுத்தது நீளம், இரண்டும் அங்குலத்தில்.

20, 18 என்றால் 10.9 கிலோ
22, 20 என்றால் 14.7 கிலோ
24, 22 என்றால் 19.2 கிலோ
26, 24 என்றால் 24.6 கிலோ
28, 26 என்றால் 30.9 கிலோ
30, 28 என்றால் 38.2 கிலோ

கணக்கில் மார்புச் சுற்றளவு இரண்டு தடவை பெருக்கப்படுகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதனால் அதில் வரும் பிழையும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மேலே சொன்ன ஆட்டில் நீளத்தை ஒரு அங்குலம் கூட்டி அளந்துவிட்டால் எடை 1.1 கிலோ கூடும். சுற்றளவை ஒரு அங்குலம் கூட்டி அளந்துவிட்டால் 2.1 கிலோ கூடிவிடும். ஆகவே பொறுமையெல்லாம் சுற்றளவுக்குக் கொடுங்கள்.

உங்கள் மந்தைக்கு உங்கள் எண்

660 என்பது எல்லா ஆட்டுக்கும் பொருந்தும்படி ஒருவர் கல்லில் செதுக்கி வைத்த எண் இல்லை. அது மாட்டின் உடலமைப்பை வைத்து வந்த கணக்கு. ஆட்டுக்கும் ஓரளவு பொருந்துவதால் பயன்படுத்துகிறோம். நீளக் காலும் ஒடுங்கிய உடம்பும் உள்ள ஆட்டில் ஒன்றிரண்டு கிலோ முன்பின் வரும். அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. ஒரு நாள் வேலைதான்.

பருத்தி, வத்தல் நிறுக்கும் கமிஷன் கடையிலோ தீவனக் கடையிலோ எடைமேடை இருக்கும். உங்கள் ஆடுகளில் வளர்ந்தவை ஐந்தைக் கொண்டுபோய் நிறுத்துப் பாருங்கள். கால்களைக் கட்டிப் படுக்க வைத்து நிறுக்கலாம். சினை ஆட்டை மட்டும் அப்படிச் செய்ய வேண்டாம். அன்றைக்கே ஐந்தையும் நாடாவாலும் அளந்துவிடுங்கள். நாடா 27.6 கிலோ என்ற ஆட்டைத் தராசு 26 கிலோ என்று காட்டினால், பெருக்கி வந்த 18,225ஐ 26ஆல் வகுத்துப் பாருங்கள். 701 வரும். ஐந்து ஆட்டுக்கும் இப்படி எண் எடுத்து, அவற்றின் சராசரி 700ஐ ஒட்டி வந்தால், இனி உங்கள் மந்தைக்கு 660க்குப் பதிலாக 700ஆல் வகுக்க வேண்டும். இந்த ஒரு எண்ணுக்காக ஐந்து ஆட்டைச் சுமந்து போவது தகுமா என்று கேட்பவர்கள் உண்டு. வருடத்துக்குப் பத்து ஆடு விற்பவருக்குக்கூடத் தகும் என்றுதான் சொல்வேன்.

சின்னக் குட்டிக்கு நாடா அவ்வளவாக ஒத்துவராது. பத்து கிலோவுக்குள் இருக்கும் குட்டியைச் சாக்குத் தொட்டிலில் போட்டுத் தொங்கு தராசில் மாட்டிவிடலாம். வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் இன்னும் சுலபம். குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தனியாக ஒரு தடவை ஏறி நின்று கழித்துக்கொள்ளுங்கள்.

சினை ஆட்டில் இன்னொரு விஷயம் உண்டு. நாடா மார்பைத்தான் அளக்கிறது, வயிற்றை அளப்பதில்லை. ஆகவே உள்ளே இருக்கும் குட்டிகளின் எடை இந்தக் கணக்கில் முழுசாக வராது. தராசு கூடுதலாகக் காட்டினால் குழம்ப வேண்டாம்.

எடை சரி, உடம்பு சரியா?

25 கிலோ என்பது நல்ல எடையா? இதற்கு நாடாவால் பதில் சொல்ல முடியாது. எலும்பு சிறுத்த, குட்டையான ஆட்டுக்கு 25 கிலோ கொழுத்த உடம்பு. உயரமான கன்னிப் பெட்டைக்கு அதே 25 கிலோ மெலிந்த உடம்பாக இருக்கலாம். வயிறு முட்டத் தின்று தண்ணீர் குடித்த ஆடு பார்க்கவும் நிறுக்கவும் கூடுதலாக இருக்கும். அது சாணமும் மூத்திரமுமாகப் போய்விடும். புழு நிறைந்த குட்டிக்கும் வயிறு பானைபோல உப்பியிருக்கும். அதைக் கொழுப்பு என்று நினைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதனால்தான் கைவிரல் வேண்டும் என்றேன்.

கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்பு எலும்புக்கு முன்னால் முதுகில் உங்கள் உள்ளங்கையை வையுங்கள். நடுவில் முதுகெலும்பின் முள் வரிசையாகத் தட்டுப்படும். அதற்கு இரு பக்கமும், விரல் நுனியைப் பக்கவாட்டில் அழுத்தினால், படுக்கைவசமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன எலும்புகளின் முனை தட்டுப்படும். முள்ளுக்கும் இந்த முனைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் எவ்வளவு சதை இருக்கிறது என்பதுதான் கேள்வி. உலகம் முழுக்க இதை 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுச் சொல்கிறார்கள்.

1 என்றால் முள் கத்திபோல நிற்கும். பக்க எலும்பின் முனைக்கு அடியில் விரல் சுலபமாக நுழையும். தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது. 2 என்றால் முள் தெரியும், ஆனால் கொஞ்சம் சதை உண்டு; பள்ளம் குழியாக இருக்கும். 3 என்றால் பள்ளம் நிரம்பிச் சமமாக இருக்கும். அழுத்தினால்தான் எலும்பு முனை தட்டுப்படும், மேலோட்டமாகத் தடவினால் உருண்டையாக இருக்கும். 4 என்றால் நன்றாக அழுத்த வேண்டியிருக்கும். 5 என்றால் அழுத்தியும் எலும்பு தெரியாது. நம் மேய்ச்சலில் 5ஐப் பார்ப்பது அரிது. பக்ரீத்துக்கென்று கட்டிப்போட்டு வளர்த்த கிடாவில் சில நேரம் பார்க்கலாம்.

வெள்ளாட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. செம்மறி முதுகில் கொழுப்பு வைக்கும். வெள்ளாடு பெரும்பாலும் வயிற்றுக்குள், குடலைச் சுற்றி வைக்கும். அதனால் முதுகை மட்டும் தடவினால் நல்ல ஆடுகூட மெலிந்ததாகத் தெரியும். முன்னங்கால்களுக்கு நடுவில் நெஞ்செலும்பின் மேல் உள்ள சதையையும் கையில் பிடித்துப் பாருங்கள். அங்கே ஒரு மெத்தைபோலக் கைக்கு அகப்பட்டால் ஆடு நன்றாக இருக்கிறது. தோல் மட்டும் வழுக்கிக்கொண்டு போய் எலும்பு தட்டுப்பட்டால் மெலிவு. முதுகுக்கு ஒரு மதிப்பெண், நெஞ்சுக்கு ஒரு மதிப்பெண் போட்டு நடுவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கிடாவோடு சேர்க்கும் நேரத்தில் பெட்டை 2.5 முதல் 3 வரை இருக்க வேண்டும். ஈனும் நேரத்தில் 3 முதல் 3.5. எந்தக் காலத்திலும் 2க்குக் கீழே இறங்க விடக் கூடாது.

சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். குட்டியின் எடையில் பெரும்பகுதி, நூற்றுக்கு எழுபது பங்குவரை, கடைசி ஆறு வாரத்தில்தான் ஏறுகிறது. இரட்டைக் குட்டி சுமக்கும் கன்னி ஆட்டுக்கு அந்த ஆறு வாரம் கடுமையான காலம். வயிற்றுக்குள் இரண்டு குட்டி இடத்தை அடைத்துக்கொள்வதால் அது தின்னும் அளவும் குறையும். ஏற்கெனவே 2இல் இருக்கிற ஆடு தன் சதையையே கரைத்துக் குட்டிக்குக் கொடுத்து, ஈனுவதற்கு முன்பே படுத்துவிடும். அதிகம் கொழுத்த ஆட்டுக்கும் இதே ஆபத்து உண்டு என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆகவே சினை பிடித்த மூன்றாவது மாதத்தில் முதுகைத் தடவிப் பாருங்கள். அப்போது மெலிவாக இருந்தால் சரிசெய்ய நேரம் இருக்கிறது. நான்காவது மாதம் முடிந்த பிறகு தெரிந்து பெரிதாகச் செய்ய முடியாது.

பெட்டைக் குட்டியை முதன்முதலில் சேர்ப்பதற்கு வயதைவிட எடையை நம்புங்கள். தாய் எடையில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்காவது வந்திருக்க வேண்டும். தாய் 28 கிலோ என்றால் குட்டி 18 கிலோவைத் தாண்ட வேண்டும். மந்தையோடு கிடா சேர்ந்து மேய்வதால் 12, 13 கிலோவிலேயே சினை பிடித்துவிடுகிறது. அந்தப் பெட்டையின் வளர்ச்சி அங்கேயே நின்றுபோகும். முதல் ஈற்றில் பாலும் போதாது, குட்டியும் தங்குவதில்லை. கிடாவைப் பிரித்துக் கட்டுவது சிரமம் என்பது தெரியும். விற்கப்போகும் கிடாக் குட்டிகளையாவது நேரத்தில் காயடித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

குடற்புழு மருந்தும் தப்பான எடையும்

வடகிழக்குப் பருவமழை பெய்து கரிசலில் புல் தளிர்க்கும்போது புழுவும் தளிர்க்கும். இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும் புழுதான் நம் ஆடுகளுக்குப் பெரிய எமன். கண் இமையைக் கீழே இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தால் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் இதற்கு ஐந்து நிறம் கொண்ட அட்டையே உருவாக்கினார்கள். தாடைக்கு அடியில் பைபோல வீங்கியிருந்தால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள்.

மருந்து எது என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்வார். எத்தனை கிலோ என்பதை அவருக்கு நீங்கள் சொல்ல வேண்டும். ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் அல்பெண்டசோல் உள்ள மருந்தை, கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 25 கிலோ ஆட்டுக்கு 10 மில்லி. அதையே 18 கிலோ என்று கண்மதிப்பில் போட்டால் 7.2 மில்லிதான் உள்ளே போகும். பலவீனமான புழு சாகும். தாக்குப்பிடிக்கும் புழு பிழைத்து முட்டையிடும். நாலைந்து தடவை இப்படியே கொடுத்தால் மந்தையில் மிஞ்சுவது மருந்துக்கு அசையாத புழு மட்டும்தான். "முன்னெல்லாம் கேட்டது, இப்போ அந்த மருந்து கேட்கிறதில்லை" என்று சொல்கிறோமே, அதற்குப் பாதிக் காரணம் குறைந்த அளவு. மருந்தை மாற்றினாலும் அளவைத் திருத்தாவிட்டால் புது மருந்துக்கும் அதே கதிதான்.

செம்மறிக்குச் சொன்ன அளவை வெள்ளாட்டுக்குக் கொடுப்பதும் இதே தவறு. வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் கரைத்து வெளியேற்றிவிடும். அதனால் பல மருந்துகளில் வெள்ளாட்டுக்குக் கிலோவுக்குக் கூடுதல் அளவு வேண்டும். அதற்காக எல்லா மருந்தையும் தாராளமாக ஊற்றிவிடவும் கூடாது. லெவாமிசோல் போன்றவற்றில் சரியான அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. அல்பெண்டசோலைச் சினையின் தொடக்கத்தில் கொடுத்தால் உள்ளிருக்கும் குட்டிக்கு ஆபத்து. எடையோடு சினை எத்தனை மாதம் என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

நாற்பது ஆட்டை ஒரே நாளில் அளக்க முடியாதே என்பீர்கள். குட்டி, பெட்டை, கிடா என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் பெரிய ஆட்டை மட்டும் அளந்து, அந்த எடைக்குரிய அளவை அந்தக் கூட்டத்துக்கு வைக்கலாம். கூட்டத்துக்குள் எடை வித்தியாசம் அதிகமாக இருந்தால் இன்னொரு கூட்டமாகப் பிரித்துவிடுங்கள்.

சந்தைக்குப் போகும் முன்

வியாபாரி கணக்குப் போடுவது கறியில். "பன்னிரண்டு கிலோ தேறும்" என்பார். உயிர் எடையில் கறி ஏறக்குறைய நூற்றுக்கு 45 முதல் 50 பங்கு. 28 கிலோ ஆட்டில் 12.6 முதல் 14 கிலோ. முதுகு மதிப்பெண் 3 இருந்தால் மேல் எண்ணுக்குப் பக்கம், 2 இருந்தால் கீழ் எண்ணுக்குப் பக்கம். வீட்டிலேயே அளந்து, தடவிப் பார்த்து, கறி எத்தனை கிலோ என்று கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு கிளம்புங்கள். துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுகிற இடமானாலும் உங்கள் மனதில் ஒரு எண் இருக்கும். அதற்குக் கீழே போனால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடலாம்.

வண்டியில் ஏற்றி, வெயிலில் நிறுத்தினால் ஒன்றிரண்டு கிலோ இறங்குவது சாதாரணம். அதில் பெரும்பகுதி வயிற்றில் இருந்த தீவனமும் தண்ணீரும், சதை இல்லை. இதையும் பேரத்தில் சொல்லலாம். உப்புத் தண்ணீர் காட்டி வயிற்றை நிரப்புவதில் பலனில்லை. அனுபவமுள்ள வியாபாரி வயிற்றைப் பார்ப்பதில்லை, முதுகைத்தான் பிடிக்கிறார்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை மேய்ச்சல் காய்ந்த காலத்தில் ஆட்டை மெலியவிட்டு, பிறகு பணத்தேவைக்கு விற்பதுதான் நம் பக்கத்தில் நடக்கும் பெரிய நட்டம். வளர்ந்த ஆட்டுக்கு உலர்ந்த கணக்கில் எடையில் நூற்றுக்கு நான்கு பங்கு தீவனம் வேண்டும். 28 கிலோ ஆட்டுக்கு 1.1 கிலோ. பசுந்தழையாகக் கொடுத்தால், அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால், 5 கிலோ அளவுக்கு வேண்டும். வாகைத் தழை, கருவேல நெற்று, உளுந்துப் பொட்டு என்று கிடைப்பதை வைத்து ஈடுகட்டலாம். எல்லா ஆட்டுக்கும் சமமாகப் பங்கு போடாதீர்கள். முதுகு 2க்குப் பக்கம் வந்துவிட்டவைக்கும் சினை ஆட்டுக்கும் முதலில் போகட்டும்.

மாடு, செம்மறி, குதிரை

வேம்பூர் செம்மறிக்கும் இதே 660 பொருந்தும். மயிர் குட்டையாக இருப்பதால் நாடா நன்றாக ஒட்டும். மாட்டுக்கும் 660தான். ஆனால் மாட்டின் சுற்றளவு தையல் நாடாவின் 60 அங்குலத்தைத் தாண்டிவிடும். இழுபடாத சணல் கயிற்றால் சுற்றி, முடிச்சுப் போட்டு, பிறகு கயிற்றை அளந்துகொள்ளுங்கள். 64 அங்குலச் சுற்றளவும் 56 அங்குல நீளமும் உள்ள பசு ஏறக்குறைய 347 கிலோ.

குதிரை வைத்திருப்பவர்களும் இதே முறையில் அளக்கலாம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை வாங்கி வருகிறவர்கள் கேட்பதுண்டு. குதிரைக்கு 660க்குப் பதில் 728ஆல் வகுக்க வேண்டும். சுற்றளவு 60, நீளம் 55 அங்குலம் என்றால் 272 கிலோ. உடல்நிலை மதிப்பெண் குதிரைக்கு 1 முதல் 9 வரை. அமெரிக்காவின் டெக்சாஸில் 1983இல் ஹென்னக் என்பவர் வகுத்த அளவு அது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கையால் தடவினால் மட்டும் சுலபமாகத் தட்டுப்பட்டால் 5. அதுவே நல்ல நிலை.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். ஆட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி, சுற்றளவு, நீளம், கிலோ, முதுகு மதிப்பெண் என்று மாதம் ஒரு வரி எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் நம்மைவிடச் சரியாகச் செய்வார்கள். வளரும் குட்டி ஒரு மாதத்தில் எடை கூடவில்லை என்றாலோ, வளர்ந்த ஆடு அடுத்தடுத்து இரண்டு மாதம் இறங்கினாலோ, காலையில் போட்ட புதுப் புழுக்கையைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். தரையில் காய்ந்து கிடப்பதை எடுக்க வேண்டாம். முட்டை இருக்கிறதா என்று அதில் சரியாகத் தெரியாது. நோட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆடு எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸை வரவழைக்கலாம். திருநெல்வேலி பக்கம் போகிறவர்களுக்கு இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.